செம்புக்கு அருகே நிற்காதே

சபை நடுவே சொந்த அக்காவை விரட்டுகிறவனைக் கண்டால், அவனைப் பற்றி உங்கள் மனம் என்ன தீர்ப்பு எழுதும்?

"அக்கா, இங்க நிக்காத. போய்க் கடைசி வரிசையில உட்காரு."

"ஏண்டா, நான் நின்னா உன் செம்பு கறுத்துடுமா?" என்று சிரித்தாள் அவள்.

தம்பி கடைசி வரிசையைக் கைகாட்டினான்.

கனிமக் கண்காட்சியில் அது போட்டி நேரம். மேஜைமேல் இருந்தது, யாரும் உருக்கி வார்க்காமல் பாறைக்குள் தானாகவே கிளைவிட்டு வளர்ந்த செம்புப் படிகம். சுரங்கத்தில் கல் பொறுக்கும் அவள்தான், உடைக்கும் இயந்திரத்தின் வாயில் அது விழவிருந்த நொடியில், கற்களைச் சுமந்து ஓடும் பெல்ட்டை நிறுத்தி எடுத்தாள். அதற்காக மேற்பார்வையாளரிடம் எல்லார் முன்னாலும் வசவும் வாங்கினாள். ஒட்டியிருந்த சுண்ணாம்புக் கல்லை ஓராண்டு வினிகரில் கரைத்து, ஒரு கிளைகூட முறியாமல் மீட்டவன் தம்பி.

கடைசி வரிசையில், உடன் வேலை செய்பவள் அவள் காதைக் கடித்தாள். "பார்த்தியா? ஷிப்ட் முடிஞ்சு அப்படியே கல்தூசியோட வந்திருக்கே. உன் தம்பித் துரைக்கு வெட்கம்!"

"சும்மா இருடி. அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

சொன்னாளே தவிர, மனம் ஆறவில்லை. காலையிலிருந்து நிற்கிறானே என்று தண்ணீர் பாட்டிலுடன் எழுந்து போனாள்.

கையுறை அணிந்து, நடுவர்களுக்காகப் படிகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவன் பதறி ஓடிவந்தான். "தயவுசெஞ்சு போக்கா! நீ யாருன்னு தெரிஞ்சா எல்லாம் கெட்டுடும்!"

ஊட்டி வளர்த்த பிள்ளையின் வாயிலிருந்தா இந்தச் சொல்? பாட்டிலை நாற்காலியில் வைத்துவிட்டு, வாசலை நோக்கி நடந்தாள்.

"முதல் பரிசு!" என்றது ஒலிபெருக்கி. அடுத்து அது சொன்னது, அவளுடைய பெயரை.

கால்கள் நின்றுவிட்டன. அரங்கமே எழுந்து கைதட்டியது. தம்பி நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு வந்தான்.

"போட்டியில இருக்கறவங்க மேஜைக்கிட்ட வந்தாலே நீக்கிடுவாங்கக்கா! நான் வெறும் உதவியாள். படிகத்தை உன் பேருலதான் பதிஞ்சிருக்கேன். ஜெயிச்சதும் சொல்லலாம்னுதான் உன்கிட்ட மறைச்சேன்."

அவள் கோப்பையைத் தலைக்குமேல் உயர்த்தியபோது முதலில் விசிலடித்தவள், கடைசி வரிசைத் தோழிதான்!

அன்பர்களே, உங்களையும் நொறுங்கவிடாமல் எடுத்துக் காத்தவர் ஒருவர் இருப்பார். நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். இன்றே, பத்துப் பேர் கேட்க, அவர் பெயரைச் சொல்லுங்கள்!