மூடப்படாத குறுந்தகடு

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் சித்தி மகள். கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். இருட்டுக்கும் மின்சாரத்துக்கும் அஞ்சாதவள். அவளே குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

ஒரு பிற்பகல், நனைந்த குடையும் ஒரு குறுந்தகடுமாக ஒருவர் கடைக்குள் வந்தார்.

"எங்கப்பா குரல் மேடம். கம்ப்யூட்டர்ல எல்லாம் வருது. அம்மா ரூம்ல இருக்கிற பழைய ப்ளேயர்ல போட்டா முதல் பேச்சு மட்டும்தான் வருது. இதுவரைக்கும் மாடிக்கு வந்து கம்ப்யூட்டர்லதான் கேட்டாங்க, இப்ப அம்மாவால ஏற முடியலை. இன்னிக்கே சரி பண்ணிக் குடுங்க."

"அப்பா...?"

"தவறி ரெண்டு வருஷமாச்சு."

தகட்டைக் கணினியில் போட்டாள். முதற்கோப்பு, ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் அந்தத் தந்தை பேசியது. கனத்த, கரகரத்த குரல். அதன்கீழ் வரிசையாக இன்னும் பல. கடைசியைத் திறந்தாள்.

"ராத்திரி மழையில உன் ரூம் ஜன்னல் ஒழுகுச்சே, தூங்கினியா? காகிதம் கொண்டு வருவான். பயப்படாம கையெழுத்துப் போடு. நான் பக்கத்துலயே இருக்கேன்."

அதே குரல். முந்தைய இரவுதான் மழை கொட்டியிருந்தது. கோப்பின் தேதியோ அன்று காலையைக் காட்டியது.

அவள் மவுஸிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"இன்னிக்குப் பேசினதுன்னு காட்டுதே சார்?"

"கம்ப்யூட்டர்ல தேதி தப்பா இருக்கும்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார், தெருவைப் பார்த்தபடி.

அந்தச் செருமலில் குறுந்தகட்டின் அதே கரகரப்பு; பேய் எதிரிலேயே நிற்கிறது என்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று. பயம் போய் ஆத்திரம் வந்தது. தாயிடம் சொத்தை எழுதி வாங்கச் செத்த மனிதரைப் பேசவைக்கிறானே, பாவி!

"பதிவை முடிச்சு சி.டி.யை மூடாமலே, மேல மேல எழுதியிருக்கீங்க. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் படிச்சிடும். பழைய ப்ளேயர் முதல்ல எழுதினதோட நின்னுடும். புதுசுல மொத்தமா எழுதி மூடித் தரேன். ஆனா அந்த ப்ளேயர்லயே போட்டுப் பார்க்கணும். நானே வீட்டுக்கு வரேன்" என்றாள். கிழவியை எச்சரிக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

திரை இழுத்துவிட்ட அறை. கட்டிலில், இரு கண்களிலும் வெண்படலம் படர்ந்த மூதாட்டி. குறுந்தகடு சுழலத் தொடங்கியது. இறந்தவர் பேசினார்.

"சரிங்க... சரிங்க" என்று, ஆளில்லா நாற்காலியை நோக்கித் தலையாட்டினாள் மூதாட்டி. "நீங்க சொன்னா சரிதான். போட்டுடறேன்."

வாசற்படியில் நின்ற மகன், காகிதத்தை எடுத்துவர மாடிக்கு ஓடினார்.

என் சித்தி மகள் சட்டென்று குனிந்தாள். "அம்மா, எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. பேசினது உங்க வீட்டுக்காரர் இல்லை!"

"ஆஸ்பத்திரிக் காகிதம்மா. கண் ஆபரேஷனுக்கு. நான்தான் பயந்துக்கிட்டு மாட்டேன்னு அடம் பிடிச்சேன்."

"அது சரி... ஆனா அந்தக் குரல்..."

மூதாட்டி அவள் மணிக்கட்டைத் தடவிப் பிடித்து, தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த மனுஷன் உயிரோட இருந்தவரைக்கும் என்கிட்ட இப்படி அன்பா ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசுறது என் பிள்ளைதான்னு முதல் நாளே தெரியும்மா. நேருக்கு நேர் பேச அவனுக்குக் கூச்சம். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, இதையும் நிறுத்திடுவான்."