பேப்பர் இல்லாத வாட்ச்

"இந்த வாட்ச்சுக்குப் பேப்பர் இல்லீங்க அங்கிள்" என்றார் காதர்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி மஹ்ஜபீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டி, பேப்பர், வாரண்டி கார்டு எல்லாம் அவள் முழங்காலுக்கு நேரே டிராயருக்குள் இருந்தன. காலையில் அவளேதான் துடைத்து வைத்திருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் பழைய சுவிஸ் வாட்ச்சுகளை வாங்கி விற்கிற சின்னக் கடை அது. இந்த மாதம் ஒன்றுகூடப் போகவில்லை. வருகிறவர்கள் கையில் கட்டிப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். பேப்பரோடு விற்றால் ஒரு விலை. பேப்பர் இல்லையென்றால் நாலாயிரம் வெள்ளி குறைவு. கடை வாடகையே அவ்வளவுதான்.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் போர்ட் கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருப்பவர். பெயர் அண்ணாமலை என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார். பெரிய மகன் வக்கீலானபோது இதே மாடலைப் புதுசாக வாங்கிக் கொடுத்தாராம். இப்போது சின்னவனுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டுமாம். அதைக் கேட்ட பிறகுதான் காதர் அந்தப் பொய்யைச் சொன்னார்.

"பேப்பர் இல்லன்னா? திருட்டு மாலா பாஸ்?"

"ஐயோ, இல்ல அங்கிள். நல்ல எடத்துப் பொருள். ஓனரு பேப்பரைத் தொலைச்சிட்டாரு, அவ்வளவுதான் லா."

பெரியவர் அதையே பிடித்துக்கொண்டார். பேப்பர் இல்லாத வாட்ச்சை நாளைக்கு எவன் வாங்குவான் என்றார். பங்சாரில் இதைவிட மலிவாகக் கிடைக்கும் என்றார். காதர் இறங்கிக்கொண்டே போனார். மஹ்ஜபீன் பொறுக்க முடியாமல் டிராயர் கைப்பிடியில் கையை வைத்தாள். மேசைக்கு அடியில் காதரின் கால் அவள் காலை மிதித்தது.

ஒருவழியாக விலை படிந்தது. அதோடும் பெரியவர் விடவில்லை. பக்கிள் ஓரத்தில் இருந்த நீளக் கீறலைக் காட்டி, அதைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடச் சொன்னார்.

பாலிஷ் போட்டால் வாட்ச்சின் மதிப்பு குறைந்துவிடும், விவரம் தெரிந்தவர்கள் யாரும் போட மாட்டார்கள் என்று காதர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"எனக்கு விவரம் வேணாம் பாஸ். கீறல் தெரியக்கூடாது."

காசு இருக்கிறது, புத்தி இல்லை என்று மஹ்ஜபீன் மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

காதர் பின்னறைக்குப் போய்ப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்தார். பெரியவர் விரலால் தடவிப் பார்த்தார். காசை ஆன்லைனில் போட்டுவிட்டேன் என்று ஃபோனைத் தூக்கிக் காட்டினார். காதர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, தலையாட்டி அனுப்பிவைத்தார்.

கதவு மூடியதுதான் தாமதம்.

"உங்களுக்கு என்ன ஆச்சு? நாலாயிரம் போச்சு. போதாததுக்குத் திருட்டு மால்னு பேச்சு வேற."

காதர் டிராயரைத் திறந்து வாரண்டி கார்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். முதல்முதலாக வாங்கியவர் பெயர் அதில் இருந்தது. கார்த்திகேயன் ஏ/எல் அண்ணாமலை. அண்ணாமலையின் மகன் கார்த்திகேயன்.

துடைத்து வைத்தபோது அவள் அதைப் படிக்கவில்லை.

நாலு மாசத்துக்கு முன்னால் வந்த பையன் என்று காதர் சொன்னார். கூட்டாளியோடு நடத்திய ஆபீஸ் படுத்துவிட்டதாம். வாட்ச்சைக் கழற்றி விற்றுவிட்டு, அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று ரெண்டு தடவை சொன்னானாம்.

"அந்த மனுசன் கையில இந்தக் கார்டை எப்படிக் குடுக்கச் சொல்ற?"

மஹ்ஜபீன் சும்மா இருக்க முடியாமல் ஃபோனில் பேங்க் கணக்கைத் திறந்து பார்த்தாள். வந்திருந்தது பேசிய விலை இல்லை. பேப்பரோடு என்ன விலையோ, அந்த முழு விலையும் வந்திருந்தது.

பாவம், வயசானவர், தொகையைத் தப்பாக அடித்துவிட்டார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே ஓடினாள்.

மோனோரயில் பாலத்துக்குக் கீழே வண்டிக் கதவைத் திறந்துபோட்டு அவர் உட்கார்ந்திருந்தார். கிளம்புகிறவர் மாதிரி தெரியவில்லை. வாட்ச் உள்ளங்கையில் இருந்தது. கீறல் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கடையில் பேசிய ஆளே இல்லை, ரொம்பக் களைத்திருந்தார்.

"அங்கிள், கூடப் போட்டுட்டீங்க."

"தெரியும்மா. கார்டுக்கும் சேர்த்துத்தான் போட்டேன்."

அவர் வாட்ச்சின் பக்கிளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"உங்க கடை ஃபேஸ்புக்ல பெட்டி, கார்டு எல்லாம் பக்கத்துல வச்சுத்தானே படம் போட்டிருந்தீங்க. அந்தக் கீறலைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. மகன் கையில இருந்தப்ப என் லோரிக் கதவு இழுத்தது அது. நான் பேரைச் சொன்னதும் உங்க வீட்டுக்காரர் முகம் மாறிச்சு பாருங்க, நல்ல மனுசன்."

"அப்ப... சின்னவருக்குன்னு சொன்னீங்க?"

"சின்னவன் மணி பார்க்கிறதே ஃபோன்லதான். இது பெரியவனுக்கு."

கார்டை இப்போதே ஓடிப்போய் எடுத்து வருவதாக அவள் திரும்பினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேணாம்மா, கிழிச்சுப் போட்டுடுங்க. கார்டும் கூடப் போனா, அவன் வித்த வாட்ச் திரும்பி வந்ததா ஆயிடும். இல்லன்னா, அப்பா இன்னொண்ணு வாங்கிக் குடுத்ததா இருக்கும்."