நம்பும்படி இல்லையாம்!

"உங்க கடைசி நாவல் நம்பும்படி இல்லைன்னு ஒரு விமர்சகர் எழுதியிருந்தாரே, சார்?"

நிருபர் கேட்டு முடிப்பதற்குள், துப்பறியும் நாவலாசிரியர் அவள் கையிலிருந்த பத்திரிகையைப் பிடுங்கினார். மூக்கில் இடிக்கும்படி வைத்துக்கொண்டு படித்தார்.

"'கொலைகாரன் தன் மூக்குக்கண்ணாடியைப் பிணத்தின் அருகிலேயே மறந்துவிட்டுப் போகிறானாம். இப்படியொரு அடிமுட்டாள் நிஜத்தில் இருப்பானா?' பார்த்தியாம்மா? சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்காத பயல், உலகத்துக்கே சர்டிபிகேட் கொடுக்கிறான்!"

"நிஜத்துல மறந்துட்டுப் போவாங்களா, சார்?"

"போகாம என்ன? மேஜையில உட்கார்ந்து ஆயிரம் திட்டம் போடலாம். குத்துற நேரத்துல மூளை வேலை செய்யுமா? வேர்த்துக் கொட்டும். கண்ணாடியைக் கழட்டி முகத்தைத் துடைப்பான். அப்படியே வச்சுட்டு ஓடுவான், மடையன்!"

"இதை அந்த விமர்சகர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"வீடு தேடிப் போய்ச் சொன்னேன். இருபது நாவல் எழுதினவனைப் பார்த்துக் கெக்கெக்கேன்னு சிரிச்சான்."

கதவருகே நின்ற சிறைக் காவலர் தொண்டையைக் கனைத்தார். "பார்வையாளர் நேரம் முடிஞ்சுது. எழுந்திரிங்க, செல்லுக்குப் போகலாம்."

நிருபர் பேனாவை மூடினாள். "கண்ணாடி இல்லாம ரொம்பச் சிரமப்படறீங்களே, சார்."

"அது போலீஸ்கிட்ட இருக்கு. அந்த விமர்சகப் பயலோட பிணத்துக்குப் பக்கத்துலதான் எடுத்தாங்க." நாவலாசிரியர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். "இப்ப எழுதச் சொல்லு பார்ப்போம், நம்பும்படி இல்லைன்னு!"

"யாரை சார் எழுதச் சொல்றது?"