முதல் இழுப்பு

ஸ்பிரிங்கோட நுனியை தாசையன் கட்டிங் பிளேயரால வெட்டினதை, அடுக்களை ஜன்னல் வழியா பொன்செல்வி பாத்துட்டா.

வெட்டினவன் சுத்திமுத்தும் ஒரு பார்வை பாத்தான். துண்டை சட்டைப் பையில போட்டான். ஒண்ணும் நடக்காத மாதிரி ஸ்பிரிங்கை உள்ள வெச்சு, புதுக் கயித்தைச் சுத்தி, மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முறுக்க ஆரம்பிச்சான்.

பொன்செல்வி கழுவிட்டிருந்த பாத்திரத்தை அப்படியே வெச்சா.

மரம் அறுக்குற மெஷின் அது. அவ புருஷன் நயினாரோடது. காலையில ஸ்டார்ட் பண்ணுற கயிறு அறுந்துபோச்சு, அவ்வளவுதான் கோளாறு. "கயித்த மட்டும் மாத்து, ஸ்பிரிங் புதுசு"ன்னு தாசையன்ட்ட சொல்லிட்டுத்தான் நயினார் வெளிய போனான். இன்னைக்குப் பாத்து ஹர்த்தால். கிழக்கேகோட்டையிலேருந்து கரமனை வரைக்கும் ஒரு கடையும் ஷட்டர் தூக்கல. இல்லேன்னா, முந்தின நாள்தான் சண்டை போட்ட தாசையனை யாராவது ரிப்பேருக்குக் கூப்பிடுவாங்களா?

ஷாஜி சார் வீட்டு அயினி மரத்தை அறுக்குற வேலை நயினாருக்கு வந்தது. அதுலதான் சண்டை. ரெண்டு பேரும் பல வருஷமா சேந்து மரம் ஏறுறவங்க. "வேலை எனக்குக் கெடச்சிட்டுல்லா, அவனுக்கு வயித்தெரிச்சல்"னு நயினார் ராத்திரி சோத்தைப் பிசைஞ்சுகிட்டே பொருமினான்.

அப்படியும் தாசையன் கூப்பிட்டதும் வந்தான். நல்ல மனசுன்னு நெனச்சு, அவ சீனி தூக்கலா கட்டன்சாயா வேற போட்டுக் கொடுத்திருந்தா.

மெஷினை மரத்துக்கு மேல வெச்சுத்தான் ஸ்டார்ட் பண்ணணும். உச்சாணியில ஒரு கையால கிளையைப் பிடிச்சுகிட்டு, மத்த கையால கயித்தை வெடுக்குன்னு இழுக்கணும். இழுக்கும்போது உள்ள விட்டுப்போச்சுன்னா, ஆளு அந்த வேகத்துலயே பின்னால போயிருவான். கீழ கருங்கல் மதில்.

நயினாருக்குப் போன் போட்டா. அது கட்டிலுக்கு அடியில சார்ஜ்ல கெடந்து பாடுச்சு.

மெதுவா முற்றத்துக்கு வந்தா. "முடிஞ்சுதா அண்ணே?"

"முடிஞ்சுது தங்கச்சி. கிட்ட வராத, ஸ்பிரிங் தெறிச்சா கண்ணு போயிரும்."

அக்கறையைப் பாரு.

"ஸ்பிரிங் நல்லாத்தானே இருக்கு?"

"தங்கமாட்டு இருக்கு."

மூஞ்சியப் பாத்துச் சொன்னான், கண்ணு சிமிட்டல. பாம்பைக் கண்டாக்கூட அவ இப்படிப் பயந்திருக்க மாட்டா.

அந்நேரம் நயினார் வந்தான். கூட மரம் ஏறுற உச்சிமாகாளி வீட்டுலேருந்து எரவலா வாங்குன ஏறுகயிறு தோள்ல கெடந்துச்சு. பொன்செல்வி ஓடிப்போய் கையைப் பிடிச்சா.

"இன்னைக்குப் போவாண்டாம்."

"ஏன்?"

தாசையன் அவளையே பாத்துகிட்டிருந்தான். அவன் காலடியில வெட்டுக்கத்தி. சொன்னா இங்கயே ரத்தம் விழும். சொல்லலேன்னா அங்க விழும்.

"காத்து... காத்து பலமா அடிக்கு."

"காத்துக்குப் பயந்தா மீன் விக்கத்தான் போணும்." நயினார் சிரிச்சுகிட்டே மெஷினை எடுக்கக் குனிஞ்சான்.

"நிறுத்துங்க!"ன்னு அவ வாயைத் திறக்குறதுக்குள்ள தாசையன் குறுக்க கையை நீட்டினான்.

"வைடே. கை வெச்சவன்தான் முதல்ல இழுக்கணும்."

மரம் ஏறுறவங்க மத்தியில அது சட்டம். ரிப்பேர் பாத்தவன் இழுத்துக் காட்டாம ஏறுறவன் வாங்க மாட்டான்.

தாசையன் மெஷினை மிதிச்சுப் பிடிச்சு ஒரே இழு. வந்த கயிறு திரும்ப உள்ள போகல. கையில தொங்குச்சு.

"ஸ்பிரிங் முறிஞ்சிட்டு மக்கா. கை தவறிட்டு."

"ஒனக்கா கை தவறிச்சு? மனசு தவறிச்சுன்னு சொல்லு!" நயினாருக்குக் கழுத்து நரம்பு புடைச்சுது. "இன்னைக்கு ஸ்பிரிங்குக்கு நான் எங்க போவேன்? இனி கரமனையில ஒரு பய ஒங்கிட்ட மெஷின் தர மாட்டான். நான் பாத்துக்கிடுதேன்!"

தாசையன் சாமானைச் சாக்குல போட்டான்.

நயினார் உள்ளேருந்து போனை எடுத்துட்டு வந்து ஷாஜி சாருக்குப் பண்ணி இழுத்து இழுத்து விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் பதில் சுருக்கமா வந்துச்சு: "சாரமில்ல நயினாரே, பரவாயில்ல. நாளைக்கு கிரேன்காரன் வந்து முறிச்சோட்டே."

வேலை கிரேன்காரனுக்குப் போச்சு. நயினார் ஏறுகயித்தைத் தூக்கி எறிஞ்சுட்டு உள்ள போனான்.

பொன்செல்வி கேட்டு வரைக்கும் தாசையன் பின்னாலயே போனா. இப்ப பயத்தைவிடக் கோபம்.

"நான் பாத்தேன். வேணும்னே வெட்டினீங்க."

தாசையன் நின்னான். ஒரு தடவை வீட்டைத் திரும்பிப் பாத்தான்.

"அந்த அயினி உள்ள பூரா அரிச்சுப் பொத்தாயிட்டு, தங்கச்சி. தட்டினா செண்டை மாதிரி கேக்கு. இடுப்புக்கயிறு கட்டுனாலும் அந்த மரத்துலதானே கட்டணும்?"

"அத அவர்ட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன். அதுதான் நேத்தைய சண்டை."

"இப்பவே உள்ள போய்ச் சொல்லுதேன் அண்ணே, உங்களப் போயி..."

"சொல்லாத. வீம்புக்காரன், மரம் அறுக்குற கைவாளைத் தூக்கிட்டு அதே மரத்துக்குப் போவான். கிரேன்காரன் கூடையில நின்னு அறுப்பான், அவன் ஏற வேண்டாம். மரம் விழுறது வரைக்கும் மூச்சு விடாத."

உள்ளேருந்து நயினார் தாசையனோட ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுறது தெருவரைக்கும் கேட்டுச்சு.

தாசையன் சாக்கைத் தோள்ல போட்டான்.

"திட்டட்டும். திட்டுறதுக்கு ஆளு இருக்கணும்லா."