யார் கொடுத்த மாத்திரை?

"பன்னிரண்டு இடத்துல குத்தினீங்களாமே! எங்கப்பாவை மனுஷன்னு நெனைச்சீங்களா, சல்லடைன்னு நெனைச்சீங்களா?"

அவசரப் பிரிவு வாசலில் மகன் போட்ட சத்தத்தில், காத்திருந்தவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே அவன் அப்பா, லிஃப்ட் மெக்கானிக், வெளிறிப்போய் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முந்தாநாள் அவருக்குப் புராஸ்டேட்டில் பயாப்ஸி. ஆசனவாய் வழியாகப் பன்னிரண்டு இடத்தில் ஊசி விட்டுச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். கொஞ்சம் ரத்தம் வரும், தானாக நின்றுவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இன்று மத்தியானம் குளியலறையில் கட்டிகட்டியாகக் கொட்டி, மனிதர் அப்படியே சரிந்துவிட்டார்.

ஒரு கையில் சலைன், மறு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் உள்ளே ஒரு ட்யூபை விட்டு, அதன் நுனியிலிருந்த பலூனில் தண்ணீர் ஏற்றி, ரத்தம் வரும் இடத்தை அழுத்தி வைத்திருந்தார். அப்படியும் கசிந்துகொண்டே இருந்தது.

ஏன் நிற்கவில்லை?

நர்ஸுக்கு ஒரு கேள்வி தலைக்குள் ஏறிவிட்டால் இறங்காது. வார்டில் அவளுக்குப் பெயரே 'குடைச்சல் சிஸ்டர்'.

"ஐயா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? இதயத்துக்கு?"

"டாக்டரும் நாலு தடவை கேட்டுட்டாரும்மா. ஒரு மாத்திரையும் கிடையாது."

"தலைவலி, பல்வலி, மூட்டுவலி..?"

"மூட்டுவலிக்குப் போடறதெல்லாம் ஒரு மாத்திரையா? லிஃப்ட் கெட்டுப்போனா நான் படியேறித்தானே போகணும்? ஒரு பத்து நாளா, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு..."

அவள் அவருடைய சட்டைப்பையைத் துழாவினாள். பாதி காலியான மாத்திரை அட்டை. திருப்பிப் படித்தாள். ஆஸ்பிரின்!

"ஐயா, ரத்தத்தை உறைய விடாம பண்றதே இதுதான்!"

மெக்கானிக்கின் முகம் மாறியது. பார்வை வாசல் பக்கம் போனது.

"அந்த அட்டை உங்ககிட்டயே இருக்கட்டும் சிஸ்டர். யார் கண்ணுலயும் காட்டாதீங்க."

யார் கண்ணில்? அதைக் கேட்க அப்போது நேரமில்லை. டாக்டரிடம் ஓடினாள். பிளேட்லெட் ஏற்றினார்கள். கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்து, பீறிட்ட ரத்தநாளத்தில் கிளிப் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ரத்தம் நின்றது.

மகனை உள்ளே விட்டார்கள்.

"ஆஸ்பத்திரி மேல தப்பில்லடா" என்றார் மெக்கானிக். "நான்தான் ஏதோ வலி மாத்திரையை முழுங்கிட்டேன்."

"அறிவிருக்காப்பா உங்களுக்கு? எவன் கொடுத்தான்?"

"யாரோ கொடுத்தாங்க. ஞாபகம் இல்ல."

"என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை விசாரிக்காம மாத்திரையைத் தூக்கிக் கொடுத்தவன் கையை உடைக்கணும்!"

அம்மாவுக்குப் போன் செய்ய அவன் வெளியே போனான். குடைச்சல் சிஸ்டர் கட்டிலருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு மட்டும் சொல்லுங்க. யாரைக் காப்பாத்தறீங்க?"

"விடும்மா. புதுசா மருந்துக்கடை போட்டிருக்கான். முதல் போணியே நான்தான். கடை திறந்த அமளியில என்ன எடுத்துக் கொடுத்தான்னு அவனுக்கே ஞாபகம் இருக்காது. பயாப்ஸி பண்ணிக்கப் போறதை நான் அவன்கிட்ட மூச்சே விடல. சொன்னா பயந்துடுவான்."

"நீங்க சொல்லாதது உங்க தப்பு. கேக்காம கொடுத்தது அவர் தப்பு. நாளைக்கு இன்னொருத்தருக்கும் இப்படியே கொடுத்தா?"

மெக்கானிக் முதல்முறையாகச் சிரித்தார்.

"இனிமே கேட்டுத்தான் கொடுப்பான் சிஸ்டர். கேக்காம கொடுத்தவன் கையை உடைக்கணும்னு இப்பதானே அவன் வாயாலயே சொல்லிட்டுப் போறான்!"