மேனேஜரின் தட்பவெப்பம்

ஜனவரி ஒன்பதாம் தேதி அதிகாலை மூன்று மணிக்கு நகரம் முழுவதும் மின்சாரம் போனது. பகல் ஒரு மணிக்குத்தான் திரும்பியது.

அந்தத் தேதிக்கு நேராக ஆமைத்தொட்டி நோட்டில் எழுதியிருந்தது: காலை எட்டு மணி, வெப்பம் முப்பத்தொன்று, ஈரப்பதம் எழுபத்தைந்து. மாலை ஆறு மணிக்கும் அதே. இரவு பத்துக்கும் அதே.

அக்காவின் விரல் அந்த வரியில் வந்து நின்றது.

நோட்டை அவள் கேட்கவே இல்லை. தம்பி தானாகத்தான் எடுத்து நீட்டினான்.

தம்பிக்கு நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை. குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளன். உறைந்த மீனுக்கும் பட்டாணி மூட்டைக்கும் நடுவே பகலெல்லாம் பற்கள் தந்தியடிக்க நிற்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் காலணியைக் கழற்றுவதற்கு முன்பே ஆமைத்தொட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். விளக்கின் சூடு முகத்தில் படும்போதுதான் அவனுக்குத் தாடை இளகும்.

அக்கா குறைமாதக் குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸ். ஆட்கள் குறைந்து இரட்டை ஷிப்ட் ஆனதும், டிசம்பர் முதல் தேதி தன் ஆமையைக் கொண்டுவந்து இவன் வீட்டில் விட்டாள். மூன்று மாதம் வைத்துப் பார், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் உனக்கே தருவதைப் பற்றி யோசிக்கிறேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தாள். காற்று காய்ந்தால் ஓடு மேடு மேடாகப் புடைக்கும், குளிர்ந்தால் மூக்கு ஒழுகி நெஞ்சில் சளி கட்டும் என்று சொல்லி, ஓர் அளவுமானியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆமைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவன் தம்பி. எதைக் கேட்டாலும் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறதாம்.

இன்றைக்கு மூன்று மாதம் முடிகிற ஞாயிறு. அக்கா வந்ததும் மேனேஜரைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தாள், தெளிவாக இருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. எடை கூடியிருந்தது. தேங்காய்நார்த் தூளைக் கையில் பிழிந்து பார்த்தாள். பதமான ஈரம்.

அத்தோடு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். இவன் நோட்டை நீட்டினான்.

"அன்னிக்கு எங்க வார்டே ஜெனரேட்டர்ல ஓடுச்சு. உன் மேனேஜருக்கு மட்டும் யாருடா கரண்ட் குடுத்தது?"



அவள் பக்கங்களைப் புரட்டினாள். தொண்ணூறு நாள், ஒரே மை, ஒரே சாய்வு, அடித்தல் திருத்தல் இல்லை.

"நெஞ்சுத் துடிப்பு சார்ட்டுல கோடு இவ்வளவு நேரா ஓடுனா, நாங்க குழந்தையைத் துணியில சுத்தி அப்பன் கையில குடுத்துடுவோம்."

"பாத்தேன்க்கா. தினமும் மூணு வேளை பாத்தேன். அன்னிக்கு இருபத்திநாலு வரைக்கும் எறங்குச்சு."

"எங்க எழுதியிருக்க?"

எழுதித்தான் இருந்தான். மீன் அட்டைப்பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களின் பின்பக்கத்தில், கிறுக்கல் கிறுக்கலாக, தொண்ணூறு நாளும். இருபத்திநாலு என்றிருந்த லேபிளில் தண்ணீர்க் கறைகூட உண்டு. அன்று அவன் லீவு போட்டான். அடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டில்களில் ஊற்றி, துண்டில் சுற்றித் தொட்டிக்குள் அடுக்கி, அரை மணிக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருந்தான். வெந்நீர் பட்டு உள்ளங்கையில் எழும்பிய கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது.

ஆனால் கிடங்கில் பதிவேடு என்றால் வேறு. அங்கே அளவு ஒரு டிகிரி பிசகினாலும் மெமோ. அதனால் உண்மையைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் சரியான எண்ணாக்கி நல்ல கையெழுத்தில் எழுதுவார்கள். பதினெட்டு வருடப் பழக்கம். மேலே இருந்து யார் பார்க்க வந்தாலும் குறையில்லாத நோட்டைத்தான் நீட்ட வேண்டும்.

நேற்று மாலை உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்று மாதத்தையும் ஒரே மூச்சில் அழகாக எழுதி முடித்தான்.

"லேபிள்ல எழுதியிருந்தேன்."

"எங்க அது?"

"கிழிச்சுப் போட்டுட்டேன். காலையில குப்பை வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு."

அக்கா நோட்டை மூடினாள். பார்க்காமலே காய்ச்சல் எழுதிய ஒரு நர்ஸை அவள் போன வருடம் வேலையை விட்டு அனுப்பியிருந்தாள். அந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிழைத்தது குழந்தையின் சாமர்த்தியம் என்று விசாரணையில் சொன்னவள் அவள்.

மேனேஜரை இன்னொரு முறை கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் வைத்திருந்தாள்.

"கெட்டிக்காரப் பய. உன்கிட்ட மாட்டியும் தேறி வந்திருக்கான்."

தம்பி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வலது உள்ளங்கையில் தோல் இன்னும் வேறு நிறமாகத்தான் இருந்தது. அதைக் காட்டலாமா என்று யோசித்தான். கிடங்குக்காரன் கையில் காயம் இல்லாத நாள் எது என்று கேட்பாள்.

"பெட்டி ஏதாவது இருந்தா குடு," என்றாள் அக்கா.

"நீ கொண்டு வரலையா?"

"எதுக்குக் கொண்டு வரணும்? இவன் இங்கயே இருக்கட்டும்னு சொல்லத்தான் வந்தேன்."

தம்பி பரணிலிருந்து தெர்மாகோல் பெட்டியை இறக்கினான். மூடியில் ஆணியால் ஏழு துளைகள் போட்டான். துண்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிழிந்து, அடியில் விரித்தான்.

பதினொன்று நாற்பதுக்கு மேனேஜர் அந்த வீட்டை விட்டுப் போனது. அக்காவுக்கு இரண்டு மணிக்கு டியூட்டி.