இரைச்சல் நீக்கி

"பாப்பா" என்று வந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அதன்பின் எதுவும் வரவில்லை.

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். இணைப்பு அறுபடவில்லை. திரையில் பச்சைப் புள்ளி எரிந்தது. இருபத்தொரு நொடி ஆகியிருந்தது.

அப்பா பேசிக்கொண்டிருக்கிறார். அவளுக்குத் தெரியும்.

சற்று முன் அம்மா பேசியது தெளிவாகத்தான் கேட்டது.

"கொரலு மெஷினு மாதிரி இருக்குன்னு இத்தன நாளா அந்தப் பேசுற கருவியத் தொடவே இல்லடி. எங்கிட்டயெல்லாம் சைகைதான். இன்னிக்கு உங்கூடப் பேசணும்னு அவரே கேட்டு வாங்கி வச்சிருக்காரு. நான் பக்கத்துல இருக்கக் கூடாதாம். போறேன் சாமி, அப்பனும் மகளும் ரகசியம் பேசுங்க."

கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்டது.

ஏப்ரலில் அப்பாவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஒட்டன்சத்திரம் சந்தையில் முப்பது வருடம் தக்காளி ஏலம் கூவிய தொண்டை. இப்போது தினமும் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு. ஊரில் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். முப்பது நாளும் முடித்தால்தான் பலன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். டார்ச் லைட் அளவு இருக்கும். கழுத்தில் வைத்து அழுத்தினால் ரீங்கரிக்கும். அந்த ரீங்காரத்தை நாக்கும் உதடும் சொல்லாக வெட்டிக்கொள்ளும்.

எளிய ஏற்பாடு. அழகான ஏற்பாடும்கூட.

அவள் இருப்பது அண்டார்டிகாவில். புயலில் பெரிய ஆன்டெனா முறிந்துவிட்டது. இருபத்து மூன்று பேருக்கும் சேர்த்து மிஞ்சியது ஒல்லியான ஒரே செயற்கைக்கோள் இணைப்பு. ஆளுக்கு வாரம் மூன்று நிமிடம்.

அடுத்த விமானம் நவம்பரில். இது ஜூன்.

அத்தனை ஒல்லியான இணைப்பில் குரல் போகாது. குரலைப் பற்றிய குறிப்புதான் போகும்.

நொடிக்கு ஐம்பது குறிப்புகள். தொண்டை அதிர்கிறதா, வெறும் காற்றா. என்ன சுருதி. வாய் எந்த வடிவில் இருக்கிறது. எவ்வளவு சத்தம். இதைப் படித்து இந்த முனையில் ஒரு பெட்டி புதிதாகக் குரல் செய்கிறது. சற்று முன் அவள் கேட்ட அம்மாவும் இந்தப் பெட்டி செய்த அம்மாதான்.

குறிப்பெடுக்கும் முன் இரைச்சலை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்விசிறியையும் ஒரு ஆள் என்று எண்ணிக் குறிப்பெடுத்துவிடும்.

எது இரைச்சல்?

மாறாமல் ஒலிப்பது.

மனிதக் குரல் ஒரே சுருதியில் நிற்காது. ஏறும், இறங்கும், நடுங்கும். அப்படி இல்லாத ஒன்றை இரைச்சல் நீக்கி அரை நொடி கவனிக்கும். கற்றுக்கொள்ளும். கழித்துவிடும்.

இங்கே வரும் முன் அவள் ஒரு நிறுவனத்தில் இருந்தாள். இந்த இரைச்சல் நீக்கியை எழுதிய ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. கிரைண்டர், லாரி, ஜெனரேட்டர், ரயில் என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டுச் சோதித்தார்கள். குரல்வளை இல்லாத ஒருவரைப் பேசவிட்டுச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்பாவின் கருவிக்கு ஒரே சுருதி.

"நான்" என்று வந்தது.

மூச்சு வாங்க நிறுத்தியிருப்பார். அந்த இடைவெளியில் இரைச்சல் நீக்கி அவரை மறந்திருக்கும். மறுபடி தொடங்கியதும் அரை நொடி விட்டுவைத்தது. மறுபடி கற்றுக்கொண்டது.

"அப்பா, நிறுத்துங்க. எனக்குக் கேக்கல."

கழுத்தில் அது ரீங்கரிக்கும்போது அவர் காதில் வேறு எதுவும் விழாது.

"அம்மாட்ட".

நீண்ட ஒன்றுமின்மை.

"இனி".

நான்கு சொல்லை வைத்து மீதியைச் செய்ய முடியாது. வேறு யாரையும்விட அவளுக்கு இது தெரியும். எழுதி அனுப்பச் சொல்லவும் வழியில்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

திடீரென்று தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. ரீங்காரம் நின்றிருக்கிறது, கருவியை எடுத்துவிட்டார்.

பதிலுக்குக் காத்திருக்கிறார்.

ஒவ்வொரு சொல்லாக, விட்டு விட்டுச் சொல்லச் சொல்லலாம். அப்போது எல்லாம் வந்து சேரும். ஆனால் ஏன் என்று அவர் கேட்பார். உங்கள் பேச்சை இது இரைச்சல் என்று நினைக்கிறது அப்பா என்று சொல்ல வேண்டும். ஊர் முழுக்கக் கேட்ட தொண்டைக்காரரிடம். வெட்கத்தை விட்டு அவர் பேசிய முதல் நாளில்.

கல்யாணப் பேச்சாகத்தான் இருக்கும். இரண்டு வருடமாக அவர் கேட்பது அதைத்தான்.

"சரிப்பா," என்றாள். "நீங்க சொல்ற மாதிரியே."

கருவி கீழே வைக்கப்படும் சத்தம். சற்று நேரம் கழித்துக் கதவு. அம்மா.

"என்னடி சொன்ன மனுசங்கிட்ட? மொகம் அப்படித் தெளிஞ்சு கெடக்கு. நாளையிலருந்து கரண்ட் வைக்க வரமாட்டாராம். ஒம்பது வச்சதே போதுமாம், வலி தாங்கலையாம், வீட்டுலயே இருந்துக்கிறாராம். மக சரின்னுருச்சுன்னு சைகையிலயே சொல்றாரு. நெசமா நீ சரின்னா சொன்ன?"

பதினெட்டு நொடி மீதமிருந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க அது போதாது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லப் போதும்.

"அப்பா பக்கத்துல இருக்காராம்மா?"

"இங்கதான். என்னையே பாத்துட்டு இருக்காரு."

"ஆமாம்மா," என்றாள். "சொன்னேன்."